பழைய மதராஸ் சாலை

பெங்களூரில் அல்சூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவுக்குப் 'பழைய மதராஸ் சாலை' என்று பெயர். மதராஸ் நகரம் 1996-ஆம் ஆண்டில் சென்னை ஆயிற்று. மதராஸ் மாநிலம் அதற்கு முன்பே, 1969-இல், தமிழ்நாடு என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. சாலை புறப்படும் மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகம் ஆயிற்று. பெங்களூரும் 2014 முதல் அரசாங்க ஏடுகளில் பெங்களூரு ஆகிவிட்டது. இத்தனை பெயர்களும் மாறிய பின்னரும் அச்சாலையின் பெயரை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. 'பழைய' என்னும் அடைமொழியைக் கவனியுங்கள். புதியதொரு வழி பிறந்த பிறகே முன்னையது பழையது எனப்படும். அப்படிப் பழையதாகிப்போன வழியைக் குறித்தும், அதன் வழியே உறவினரைக் காணச் செல்லும் பயணத்தைக் குறித்தும் சில செய்திகளை இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் என்பது நம் முன்னோர் வகுத்த பருவ முறை. மைசூர் மேட்டு நிலத்தில் தசரா விழா முடிந்து, கேழ்வரகு கதிர் வாங்கி நிற்கும் நாட்கள் அவை. கீழே தொண்டை நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஏரிகள் நீர் ஏற்கும் நாட்கள். இவ்விரண்டு நிலங்களுக்கும் இடையே, தீபாவளியை ஒட்டிப் பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுதோறும் பயணம் செய்கின்றன. அவர்களில் மிகப் பலர் இந்நாளில் ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்லும் அகன்ற நெடுஞ்சாலையிலேயே விரைகின்றனர். நானோ சென்ற ஐப்பசியில் கோலார், முளுபாகல், பலமனேர், சித்தூர், வாலாஜாபேட்டை வழியாகக் காஞ்சிபுரம் சென்றேன். ஏறத்தாழ 270 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டு, விளக்கேற்றும் வேளையில் போய்ச் சேர்ந்தேன். விரைந்து செல்பவர் அரைப் பொழுதில் முடிக்கும் தூரத்திற்கு ஒரு பகல் முழுவதையும் செலவிட்டதற்குக் காரணம், காஞ்சியிலிருக்கும் என் அத்தையார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

அச்சாலை செல்லும் நிலத்தின் அமைப்பை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கோலாரும் முளுபாகலும் அதே மேட்டின் மீது அமைந்தவை. பலமனேருக்குக் கிழக்கே மேடு சட்டென்று சரிந்து, ஆயிரம் அடிக்கும் மேலாக இறங்கிச் சித்தூர்ச் சமவெளியில் கலக்கிறது. அந்தச் சரிவிலே மொகிலி என்னும் ஊரின் பக்கத்தில் ஒரு கணவாய் உண்டு. தெலுங்கில் தாழையை மொகலி என்பர். மேட்டு நிலத்தார் கடற்கரை நாட்டிற்கு இறங்கவும், கடற்கரை நாட்டார் மேட்டிற்கு ஏறவும் இயற்கை திறந்து வைத்த வாயில்கள் சிலவே. தெற்கே ஆம்பூர்ப் பக்கத்தில் ஒன்று, நாயக்கனேரியில் ஒன்று, வடக்கே மொகிலியில் ஒன்று. முளுபாகல் என்னும் பெயரிலேயே இச்செய்தி அடங்கியிருக்கிறது. கன்னடத்தில் 'மூடல்' என்பது கிழக்கு. 'பாகிலு' என்பது வாயில். கிழக்கு வாயில் என்பதே அவ்வூரின் பெயர்.

வாயில் என்று ஒன்று இருந்தால் அதன் வழியே படைகள் புகுந்தே தீரும். நம் வரலாற்று நூல்களும் படைகளின் போக்குவரவையே விரித்துரைக்கின்றன. கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். கங்க மன்னரின் தொன்மையான தலைநகரங்களுள் ஒன்று. சோழர் மேட்டு நிலத்தின் மீது படர்ந்தபோது அவ்வூர் அவர் ஆட்சிக்குள் வந்தது. கோலாரம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் காணக் கிடக்கின்றன. பெங்களூருக்குள்ளேயே தோம்லூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுக்கள் உண்டு. அவற்றில் அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் மறுபெயர் வழங்குகிறது. பட்டணம் என்றால் வணிகர் கூடும் இடம். கெம்பே கௌடர் 1537-இல் பெங்களூர்க் கோட்டையை எழுப்புவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே, அதன் பக்கத்துச் சிற்றூரில் வணிகரின் பட்டணம் ஒன்று இருந்தது என்றால், அங்கு வந்து போக ஒரு பெருவழியும் இருந்திருக்கவேண்டும் அன்றோ?

சோழர் ஏறிய மேட்டிலிருந்து விஜயநகரத்தார் இறங்கினர். பதினான்காம் நூற்றாண்டில் புக்கரின் மகன் குமார கம்பணன் முளுபாகலைத் தளமாகக் கொண்டு சம்புவராயர் மீதும், பின்னர் மதுரைச் சுல்தான் மீதும் படையெடுத்தான். அப்படையெடுப்பை அவன் தேவியாகிய கங்காதேவியே 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினாள். முளுபாகலை விட்டுப் புறப்பட்ட சேனை, பாலாற்றங்கரையிலுள்ள விரிஞ்சிபுரத்தில் பாசறை அமைத்தது என்று அக்காவியம் கூறும். கணவன் சென்ற வழியை மனைவி எழுதி வைத்தாள் என்பதே அந்நூலின் தனிச் சிறப்பு என்பது என் கருத்து. இந்த நிலத்தில் யாத்திரைக் குறிப்பு எழுதிய பெண்மணிகள் வேறு எத்தனை பேர்?

இச்சாலையில் நடந்த நிகழ்ச்சிகளுள் என் மனத்தை மிகவும் தொட்டது 1782-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நடந்தது. ஆங்கிலேயரோடு போர் நடத்திக்கொண்டிருந்த ஹைதர் அலி, சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் டிசம்பர் 7-ஆம் நாள் உயிர் நீத்தார். மூத்த மகன் திப்புவோ அப்பொழுது மலையாளக் கரையில் இருந்தார். இறந்த செய்தி வெளிப்பட்டால் சேனை கலைந்துவிடும். ஆதலால் அமைச்சர்கள் உடலை நறுமணப் பொருள்களோடு ஒரு பெரிய பெட்டியில் வைத்து, கருவூலப் பொருளை அனுப்புவது போலக் காவலுடன் மேட்டுக்கு அனுப்பினர். பெட்டி கோலாரை அடைந்தது. அங்கே ஹைதரின் தந்தையார் அடக்கமாகியிருந்த இடத்திலேயே உடலும் சிலகாலம் வைக்கப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுசெல்லப்பட்டது. கோலாருக்கு அண்மையிலுள்ள பூதிக்கோட்டையே ஹைதர் பிறந்த ஊர். நாடெல்லாம் நடுங்க வைத்த ஒருவர், யாருக்கும் தெரியாமல், தம் சொந்த ஊரின் பக்கத்தில் தந்தையின் அருகே சென்று படுத்தார்!

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே மேட்டில் ஏறியவர் கார்ன்வாலிஸ் பிரபு. 1791 பிப்ரவரியில் வேலூரில் படையைத் திரட்டி, ஆம்பூர்க் கணவாய் வழியே வருபவர் போலப் பாவனை காட்டி, திடீரென்று வடக்கே திரும்பிச் சித்தூர் வழியாக மொகிலிக் கணவாயில் ஏறிவிட்டார். தெற்கே காத்திருந்த திப்பு சுல்தான் ஏமாந்தார். கோலாரும் ஹொசகோட்டையும் எதிர்ப்பின்றி விழுந்தன. மார்ச்சு 5-ஆம் தேதி படை பெங்களூரை அடைந்தது. 21-ஆம் தேதி இரவில் கோட்டை பிடிபட்டது. இந்தப் படைகளுக்குத் தானியம் சுமந்தவர் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடும் மனைவி மக்களோடும் அவர்கள் நடந்தே வந்தனர். தளபதியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. மாட்டின் பின்னே குழந்தையைத் தோளில் இட்டு நடந்த லம்பாடிப் பெண்ணின் பெயரை எழுதி வைத்தார் யாருமில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இச்சாலையில் படைகள் சென்ற நாட்களை ஒன்றுசேர்த்துக் கூட்டினால் சில ஆண்டுகளே தேறும். மற்ற நாட்களிலெல்லாம் அதில் சென்றவர் யாவர்? உப்பு ஏற்றிய வண்டிக்காரர்; நெசவுத் துணி சுமந்த வணிகர்; மணமாகிச் செல்லும் பெண்; பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் மகள்; வேலை தேடிச் சென்ற தம்பி; அவனைத் தேடிச் சென்ற தாய். இவர்கள் பாதத்தால் பதிந்த வழியே சாலையாயிற்று. இதற்குப் பழைய சான்று வேண்டுவோர் 'பெரும்பாணாற்றுப்படை'யைப் பார்க்கலாம். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்தும் அப்பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழியிலே எதிர்ப்படும் உமணரின் உப்பு வண்டி வரிசையைக் காட்டுகிறார். அங்கே வண்டி மாட்டை ஓட்டுபவள் கைக்குழந்தையை உடைய ஒரு தாய். குடும்பத்தோடு பெருவழியில் செல்லும் வழக்கம் நமக்கு எவ்வளவு பழையது பாருங்கள்!

அக்காலத்துப் பயணிக்கு உதவிய அமைப்புக்களும் சில இருந்தன. தருமபுரிப் பகுதியில் 'அதியமான் பெருவழி' என்று பெயர் பொறித்த பழங்கற்கள் கிடைத்துள்ளன. இன்னவூருக்கு இத்தனை காதம் என்று அவற்றில் எழுத்தால் குறித்திருப்பதோடு, எழுத்தறியாதவரும் தடவிப் பார்த்து அறியும்படி குழிகளாலும் எண்ணிக்கை காட்டப்பட்டிருக்கிறது. வழிகாட்டும் பலகைகளை இவ்வளவு கருணையோடு இன்று அமைக்கிறோமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களும் நின்றன. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் பிறர் துணையின்றித் தம் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவர். கருவுற்ற நிலையில், பிள்ளை பெறாமலே இறந்துபோன பெண்களின் நினைவாகவே பெரும்பாலும் இக்கற்களை நட்டனர். அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, ஊராரின் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். தாய்வீட்டுக்குச் செல்லும் வழி எல்லாருக்கும் இனிய வழியாக அமைந்துவிடவில்லை.

சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழமையைப் போற்றுவோர் பலர், அங்கே எல்லாருக்கும் சோறும் இடமும் கிடைத்தன என்பது போல எழுதுகின்றனர். உண்மை அதுவன்று. பல சத்திரங்களில் சாதிப் பாகுபாடு கடுமையாகவே இருந்தது. திண்ணை கிடைத்தவரும் உண்டு, மரத்தடியே கிடைத்தவரும் உண்டு. அந்த மரத்தடியை மட்டும் யாரும் யாருக்கும் மறுக்கவில்லை. சாலை என்னும் சொல்லுக்கு, இருமருங்கும் மரம் நின்ற வழி என்று அகராதி பொருள் கூறும். அவ்விலக்கணப்படி பார்த்தால் இன்றைய நெடுஞ்சாலைகள் பலவற்றைச் சாலை என்று அழைக்கலாமா என்பதே ஐயம். அசோக மன்னர் தம் தூண் சாசனத்தில் வழியோரம் ஆலமரம் நட்டதையும் கிணறு தோண்டியதையும் தம் அறச் செயல்களாக எடுத்துக் கூறிக்கொண்டார். பிற்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் புளியமரத்தை மிகுதியாக நட்டனர். நிழலும் தரும், பலனை ஏலம் விட்டு வருவாயும் பெறலாம்.

1800-ஆம் ஆண்டில், திப்பு சுல்தான் மாண்ட மறு ஆண்டு, பிரான்ஸிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் மைசூர் நாட்டைப் பார்த்துவரப் பணிக்கப்பட்டார். ஏப்ரல் 23-ஆம் தேதி சென்னையை விட்டுப் புறப்பட்டுக் காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர் வழியாக நாயக்கனேரிக் கணவாயில் ஏறி, வெங்கடகிரிக்கோட்டை, பேத்தமங்கலம் வழியே மூன்று வாரத்துக்குள் பெங்களூர் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய யாத்திரை நூல் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஏரி, சத்திரம், பயிர், மண், கூலி, விலை என்று கண்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். பொறுமையாக வழி நடந்த ஒருவர் எவ்வளவு பார்க்கமுடியும் என்பதற்கு அந்நூல் நல்ல சான்று. நாலு மணி நேரத்தில் அதே தூரத்தைக் கடக்கும் நமக்கு, வழியிலுண்ட சிற்றுண்டியைத் தவிர வேறு என்ன நினைவிருக்கிறது?

புக்கானன் வந்துபோன ஒன்பதாம் ஆண்டில், அதாவது 1809-இல், ஆங்கிலப் படையின் பாளையம் பெங்களூரில் அமைந்தது. அதுவே தண்டு என்று நாம் சொல்லும் கண்டோன்மெண்டு. சென்னைப் படையோடு தமிழ்ச் சிப்பாய்கள் வந்தனர். அவர்களை ஒட்டித் தையற்காரர், கொத்தனார், சமையற்காரர், வண்ணார், காய்கறி வணிகர், ஒப்பந்தக்காரர் எனப் பல தொழிலாளர் ஆர்க்காடு, வேலூர், காஞ்சிபுரம் முதலிய ஊர்களிலிருந்து இச்சாலை வழியே மேடேறினர். அல்சூரில் அவர்கள் குடியேறிய தெருக்கள் இன்றும் உள்ளன. அட்டாரக் கச்சேரி என்னும் செந்நிற மாளிகையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் ஊர்ப்பெயரே அவர் வந்த வழியைக் கூறிவிடும். ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் 1873-இல் தொடங்கிய கல்வி நிலையம் இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது. கோலார்த் தங்க வயலில் 1880-இல் புதிய முறையில் சுரங்கத் தொழில் தொடங்கியபோதும் வடஆர்க்காட்டு மக்களே பெருந்திரளாகச் சென்றனர். பூமிக்கு அடியில் பல்லாயிரம் அடி ஆழத்தில் வேலை செய்த அவர்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மேட்டிலிருந்து இறங்கித் தம் ஊர் சென்று மீண்டனர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அப்பிள்ளைகள் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர்.

சாலையைச் செப்பனிட்டவர் என்று ஒருவர் பெயரைச் சொல்லவேண்டுமானால் மார்க் கப்பன் பெயரைச் சொல்லலாம். 1834 முதல் 1861 வரை மைசூர் ஆணையராக இருந்த அவர் காலத்தில் ஏறத்தாழ 1,600 மைல் நீளத்திற்குச் சாலைகள் அமைந்தன. பாலங்கள் முந்நூறுக்கு மேல். வண்டி ஓட ஏற்ற வழி உண்டானதும் கடலுப்பு மேலே ஏறிற்று. மேட்டு விளைபொருள் கீழே இறங்கிற்று. இரண்டும் மாறிக்கொள்ளும் சந்தையாக வாலாஜாபேட்டை செழித்தது. நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த அவ்வூர், கணவாய்க்கு மேலுள்ள நாட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே நின்ற பெரிய வாணிகத் தலம்.

அந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்டு வாலாஜா ரோடு நிலையம் வந்தது. நிலையத்திற்கு ஊரின் பெயரைத் தந்தார்களே தவிர, நிலையத்தை ஊருக்குள் அமைக்கவில்லை. சில மைல் தள்ளி அமைத்தனர். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப் பாதை திறந்ததும், மொகிலிக் கணவாயில் ஏறியிறங்கிய சரக்கெல்லாம் குப்பம் வழியாக இருப்புப் பாதையில் போகத் தொடங்கிற்று. வாலாஜாபேட்டையின் வாணிகம் வற்றிற்று. பலமனேருக்கும் அந்த நிலையே. நீலகிரியில் வாசம் செய்யும் வழக்கம் பிறக்குமுன் சென்னை அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்கிய குளிர்ந்த ஊர் அது. உதகமண்டலம் வந்தது, பலமனேர் மறைந்தது. ஒரு வழி விலகினால் ஊரொன்று எப்படி மெலியும் என்பதை இவ்விரண்டு ஊர்களிலும் காணலாம்.

மோட்டார் வந்தபின் பழைய சாலைக்கு மீண்டும் உயிர் வந்தது. விடுதலைக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைகளை எண்ணிட்டபோது, சென்னையிலிருந்து இராணிப்பேட்டை, சித்தூர், கோலார், பெங்களூர் வழியாகப் பம்பாய் செல்லும் இச்சாலை நான்காம் எண்ணைப் பெற்றது. சரக்கு லாரிகளும் பேருந்துகளும் மொகிலி இறக்கத்தில் வரிசையாக இறங்கின. பின்னர்த் தங்க நாற்கரத் திட்டம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி வழியை அகலப்படுத்தியதும் காற்று மறுபடியும் திசை மாறிற்று. 2010-இல் நெடுஞ்சாலை எண்கள் எல்லாம் மாற்றப்பட்டபோது, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் முதன்மை வழி என்ற மதிப்பும் அப்பக்கமே போயிற்று. மூன்றாவதாக, ஹொசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையில் சுமார் 260 கிலோமீட்டர் விரைவுச் சாலைக்கு 2022 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது எந்த ஊருக்குள்ளும் நுழையாது. அமெரிக்க நாட்டிலும் இவ்வாறே நடந்தது. 1926-இல் தோன்றிய 66-ஆம் எண் நெடுஞ்சாலை, அகன்ற புதுச் சாலைகள் வந்தபின் 1985-இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இன்று பழைய ஊர்களைக் காண விரும்புவோர் அதைத் தேடிச் செல்கின்றனர்.

விரைவு வழியைப் பழிப்பது என் நோக்கமன்று. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பொன். ஆனால் உறவின் வழி அகலமாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அந்தப் புது வழியே நமக்குக் கற்பித்தது. ஓசூருக்கு அருகில் அத்திப்பள்ளி என்னும் எல்லையூர் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, ஓசூரிலும் பின்னர்ப் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் படித்தார். அக்காலத்தில் அவ்வெல்லையை எல்லையென்று எண்ணியவர் சிலரே. காவிரி நீர்ப் பூசல் முற்றிய 1991 டிசம்பரில் கலகம் மூண்டு, தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு வெளியேறின. 2016 செப்டம்பரில் மறுபடியும் பேருந்துகள் எல்லையிலே நின்றன. பெட்டியைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் சுமந்து, ஒரு மாநிலப் பேருந்திலிருந்து இறங்கி நடந்துபோய் மறு மாநிலப் பேருந்தில் ஏறினர் மக்கள். ஆறு வழிச் சாலை வெறுமையாகக் கிடக்க, அதன் ஓரத்தில் நடந்தே சென்றனர்! அந்நாட்களில் கன்னட அண்டை வீட்டார் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் வைத்துக் காத்ததும் உண்டு. அதைச் செய்தித்தாள்கள் போதிய அளவு எழுதவில்லை.

இனி, என் அத்தையாரைப் பற்றி. தொண்ணூறு வயது நிறைந்தவர். அல்சூரில் பிறந்து, 1950-களில் மணமாகிக் காஞ்சிபுரம் சென்றவர். சீர்வரிசைப் பாத்திரங்கள் மிகுதியாக இருந்தமையால், ரயிலை விட்டு வாடகை மோட்டாரில் இச்சாலை வழியே அவரை அழைத்துச் சென்றனர். தலைதீபாவளிக்கு அதே வழியில் ஏறி வந்தார். வழியை அவர் கிலோமீட்டரால் கணக்கிடுவதில்லை. ஹொசகோட்டை ஏரிக்கரை, கோலார் மலைப்பாறை, முளுபாகல் அனுமார் கோயில், நங்கிலியின் சுங்கச் சாவடி, மொகிலி இறக்கம், சித்தூர்ச் சந்தை, காவேரிப்பாக்கத்து ஏரி என்று ஊர் ஊராக எண்ணுவார். ஆண்டுதோறும் ஐப்பசியில் நான் காணச் செல்லும்போது அவர் கேட்கும் முதற் கேள்வி, "எந்த வழியா வந்தே?" என்பதே. பல ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரி வழி என்று சொல்லிவந்தேன். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போய்விடுவார். அந்த 'அப்படியா' என் நெஞ்சில் தைத்தது. ஆகவேதான் இம்முறை பழைய வழியில் புறப்பட்டேன்.

கோலார் வரையில் சாலை இந்நாளில் மிக அகலமாகிவிட்டது. ஊர்களை ஒதுக்கிக்கொண்டு போகிறது. ஊரைக் காணவேண்டுமானால் பிரிந்து உள்ளே நுழையவேண்டும். நுழைந்தேன். கோலார்ச் சந்தையில் தக்காளிக் கூடைகள் குன்றுபோல் குவிந்திருந்தன. முளுபாகலில் அவ்வூருக்கே உரிய தடித்த தோசையை உண்டேன். நங்கிலியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. ஆந்திர மாநிலம் 1953-இல் பிரிந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. அதற்கு முன் 1911 வரையில் வடஆர்க்காடு மாவட்டத்திற்குத் தலைநகராக இருந்த ஊர் அது. சிற்றூர் என்பதே சித்தூர் ஆயிற்று. மூன்று மாநிலங்களும் மூன்று மொழிகளும் ஒரு பகலில் வந்துபோகும் இவ்வழியில், தேநீர்க் கடைக்காரர் எவரும் என் மொழியைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. மூன்றையும் கலந்தே அவர்கள் பேசுகின்றனர்.

மொகிலி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். பாறைகளிலிருந்து செந்நீர் வடிந்தது. இம்மேட்டில் பெய்யும் மழை பாலாற்றுப் பக்கத்து ஊர்களுக்கு என்ன செய்யும் என்பது 1903 நவம்பரில் வெளியாயிற்று. மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து, வெள்ளம் வாணியம்பாடியைப் பாழாக்கிற்று. மேட்டாருக்கும் பள்ளத்தாருக்கும் உள்ள உறவில் மழையும் ஒரு பங்காளி. கீழே இறங்கியதும் மாந்தோப்புக்கள். பின்னர் நெல் வயல். வாலாஜாபேட்டைத் தெருக்களில் பழைய வாணிகத்தின் அடையாளமாகச் சில பெருந்திண்ணை வீடுகளைக் கண்டேன். காவேரிப்பாக்கத்து ஏரியில் நீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

காஞ்சியை அடைந்தபோது வாயிலில் அகல் எரிந்தது. அத்தையார் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"எந்த வழியா வந்தே?" என்றார்.

"கோலார், முளுபாகல், சித்தூர் வழியா வந்தேன், அத்தை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொகிலி இறக்கத்துல மழையா?" என்று கேட்டார்.

"ஆமாம், அரை மணி நேரம் நின்னுட்டேன்."

"நாங்களும் நின்னோம்" என்றார். "முளுபாகலுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரமா புளியமரம் வரிசையா நிக்குமே, இருக்குதா?"

சில இடங்களில் இருக்கின்றன, சாலையை அகலமாக்கிய இடங்களில் வெட்டிவிட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். எத்தனை மரம் இருக்கும் என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். திரும்பிப் போகும்போது எண்ணிக்கொண்டு போய்க் கடிதம் எழுதும்படி சொன்னார்.